கைவிரலுக்கு ஷாக் வேவ் எடுக்கப் போகிறவர்கள் ஒருமுறை இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன ஆடி மாசம் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது வலது கை நடுவிரல் உள்ளங்கையோடு மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தேன், வரவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், விரல் நிமிர்ந்துவிட்டது, ஆனால் வலி முழங்கை வரைக்கும் ஏறியது. ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாளும் அதே சத்தம். அதற்கடுத்த நாள் கத்தரிக்கோலைப் பிடித்துத் துணி வெட்டும்போது விரல் மடங்கி அப்படியே மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இடது கையின் உதவி வேண்டியிருந்தது.

பெங்களூர் அல்சூரில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு 14 வருடமாகத் தைக்கிறேன். கடைசி ஆறு வருடமாக ஆரி வேலைதான் (கொக்கி ஊசியால் துணியில் செய்யும் எம்பிராய்டரி) அதிகம். ஆரி தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரேமுக்கு மேலே வலது கை ஊசியைப் பிடித்திருக்கும், கீழே இடது கை நூலை எடுத்துக் கொடுக்கும், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குத்து என்று எண்ண முடியாது. கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு நான்கு நாள், ஐந்து நாள் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஆவணி முகூர்த்தத்துக்கு ஏழு பிளவுஸ் கையில் இருந்தன, அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் விரல் இப்படிச் செய்தது. இரண்டு வாரம் வெந்நீர், தைலம், இறுக்கிக் கட்டுப் போடுவது என்று ஓட்டினேன். காலையில் மட்டும் இருந்த பிடிப்பு மத்தியானத்துக்கும் வந்தது.

எனக்கு ஷாக் வேவ், அதாவது வலிக்கும் இடத்தில் மெஷினால் அழுத்த அலை கொடுக்கும் சிகிச்சை, ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் கணவரின் குதிகால். அவர் சிக்பேட்டையில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை பார்க்கிறார், நாள் முழுக்க நின்றபடி வேலை. அதற்கு முந்தைய வருடம் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் ஆணி அடித்தது போல வலிக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எங்கள் மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன ஃபிசியோதெரபி கிளினிக்கில் வாரம் ஒன்றாக மூன்று தடவை ஷாக் வேவ் கொடுத்தார்கள், ஒரு தடவைக்கு 800 ரூபாய். கூடவே கெண்டைக்கால், பாதம் இரண்டையும் இழுத்து நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னார்கள், செய்தார். இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. அந்தப் பயிற்சியும் பாதி வேலையைச் செய்தது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் பார்த்தது மெஷினை மட்டும்தான். அவருக்குக் குணமானது எனக்கும் ஆகும் என்று முடிவு கட்டிவிட்டேன். குதிகாலில் இருக்கும் நோயும் விரலில் இருக்கும் நோயும் ஒன்றா என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை. என் தவறு தொடங்கிய இடம் இது.

அதே சின்ன கிளினிக்குக்குப் போயிருக்கலாம். அந்தச் சமயம் அந்த ஃபிசியோ அம்மா ஊருக்குப் போயிருந்தார், வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எனக்கோ முகூர்த்தம் கழுத்தில் இருந்தது. ஃபோனில் தேடியபோது இந்திராநகர் பக்கம் ஒரு பெரிய வலி நிவாரண சென்டர் வந்தது. மூட்டு, முதுகு, கை, எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் இல்லாமல் தீர்வு என்று போட்டிருந்தார்கள். தனியாகவே போனேன். வீட்டில் சொன்னால் முதலில் டாக்டரைப் பார் என்பார்கள், நாள் போகும் என்று பயம். கன்சல்டேஷன் 700 ரூபாய். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் விரலை இரண்டு முறை மடக்கி நீட்டிப் பார்த்தார். "டெண்டன்ல இன்ஃப்ளமேஷன் மேடம், பத்து செஷன்ல சரியாகிடும்" என்றார். தசையை எலும்போடு சேர்க்கிற தசைநாணில் அழற்சி என்று அர்த்தம். மொத்தம் ஏழெட்டு நிமிஷம் இருக்கும். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு கேள்வியும் இல்லை. அடுத்த அறையில் ஒரு பெண் ரேட் சொன்னார். தனித்தனியாக என்றால் ஒரு செஷனுக்கு 2,500, பத்தாக மொத்தமாகக் கட்டினால் 18,000, அதுவும் இன்றைக்கே கட்டினால்தான். பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கென்று எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் பேங்கில் இருந்தது. ஃபோனிலேயே கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் 'ஒரு தடவைக்கு இவ்வளவு' என்று மட்டும் சொன்னேன், மொத்தமாகக் கட்டியதைச் சொல்லவில்லை. அந்த ஒரு பொய் அடுத்த ஒன்றரை மாதம் என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. விரல் சரியாகவில்லை என்று வாய்விட்டு அழக்கூட முடியாமல் போனது அதனால்தான்.

ஷாக் என்ற பெயரைப் பார்த்துக் கரண்ட் கொடுப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். கரண்ட் இல்லை, இது அழுத்த அலை. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் சிறுநீரகக் கல்லை உடம்பைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே உடைக்க இந்த அலைகளை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு அதைவிடக் குறைந்த விசையில் எலும்பு, தசைநாண் வலிகளுக்கும் கொண்டுவந்தார்கள். கல்லை உடைப்பது போல இங்கே எதையும் உடைப்பதில்லை, நாள்பட்டு ஆறாமல் கிடக்கும் இடத்தைக் கிளறிவிட்டு உடம்பே அதை ஆற்றிக்கொள்ளத் தூண்டுவதுதான் நோக்கம். மெஷினில் இரண்டு வகை உண்டு. ரேடியல் என்பதில் கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன உலோகத் துண்டைக் காற்றழுத்தம் தள்ளி முனையில் மோத வைக்கும். விசை தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும், மூன்று நான்கு சென்டிமீட்டர் போகும். ஃபோகஸ்டு என்பது அலையை உள்ளே குறிப்பிட்ட ஆழத்தில் குவிக்கும், விலையும் அதிகம். நம் தெருக்களில் இருக்கும் கிளினிக்குகளில் பெரும்பாலும் ரேடியல்தான். தப்பில்லை, மேலாக இருக்கும் தசைநாணுக்கு அது எட்டும். ஆனால் ஃபோகஸ்டு ரேட் வாங்கிக்கொண்டு ரேடியல் கொடுக்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் கம்ப்ரெஸர் ஓடுகிற சத்தமும் கைப்பிடியில் 'டடடட' என்ற அடியும் இருந்தால் அது ரேடியல்.

முதல் செஷனில் உள்ளங்கையில் ஜெல் தடவி, துப்பாக்கி போன்ற அந்தக் கைப்பிடியை நடுவிரலின் அடியில் வைத்து அழுத்தினார்கள். திரையில் 2000 என்று இருந்தது, அத்தனை அடி. மேஜை விளிம்பில் கையை வைத்துக்கொண்டு எண்ணிக்கை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகாலில் சதை இருக்கிறது, உள்ளங்கையில் எலும்பு பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொறுத்துக்கோங்க மேடம், வலிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் அந்தப் பையன். அது சரியில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் வலிக்கும், ஆனால் தாங்க முடியவில்லை என்றால் விசையைக் குறைக்கச் சொல்ல வேண்டும், குறைக்க முடியும். அன்றைக்கு சாயங்காலம் உள்ளங்கை சிவந்து வீங்கியது. அதற்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் அல்சூர் கிளினிக்கில் என் கணவருக்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள்: இந்தச் சிகிச்சை நடக்கும் நாட்களில் வீக்கத்தை அடக்கும் வலி மாத்திரையைத் தவிருங்கள், உடம்பு ஆற்றுகிற வேலையையே அது மட்டுப்படுத்தலாம் என்று. இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னதைப் பார்த்தபோதே நான் நின்றிருக்க வேண்டும்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு இரண்டு நாள் நன்றாக இருந்தது. சந்தோஷத்தில் ஒரு பிளவுஸின் கழுத்து வேலையை முடித்தேன். மூன்றாம் நாள் விரல் பழையபடி மாட்டியது. நான்கு, ஐந்து, ஆறு என்று போனேன். ஒவ்வொரு வாரமும் வேறு ஆள். ஒருவர் விரலின் அடியில் அடித்தார், ஒருவர் மணிக்கட்டில் அடித்தார், ஒருவர் என்னையே "எங்கே மேடம்?" என்று கேட்டார். போன வாரத்தைவிட இந்த வாரம் எத்தனை தடவை மாட்டியது, காலையில் எவ்வளவு நேரம் பிடிப்பு என்று ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை. ஆறாவது செஷன் முடிந்து வரும்போது மோதிர விரலும் லேசாக 'டக்' என்றது. ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். அந்த வாரம்தான் ஐந்து பிளவுஸை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் ஒருத்தி எனக்குப் பத்து வருடப் பழக்கம், அவள் பெண்ணின் கல்யாணம். "பரவாயில்லைக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் துணி கொண்டுவரவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கு லீவு போடறேன், ஒழுங்கா ஒரு கை டாக்டர்கிட்ட போலாம்" என்றார். கைக்கென்றே தனியாகப் படித்த அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு பெரிய மருத்துவமனையில் அப்படி ஒருவரைப் பார்த்தோம். அந்த டாக்டர் விரலை மடக்கச் சொல்லி உள்ளங்கையில் கோடு ஓடும் இடத்தில் கட்டை விரலால் அழுத்தினார். உள்ளே பட்டாணி அளவுக்கு ஒன்று உருண்டது, எனக்கே தெரிந்தது. உடனே கன்னடத்தில் கேட்டார், "ஷுகர் இதெயா?" இல்லை என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றார். பெண் பிறந்தபோது, அதாவது 18 வருடம் முன்னால். அன்றே ரத்தம் கொடுத்தேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.6 வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்கிறார்கள்.

டிரிக்கர் ஃபிங்கர் என்று பெயர் சொன்னார். அவர் விளக்கியதை நான் என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். உள்பாவாடையில் நாடா கோர்க்கிற மடிப்பு இருக்கிறதே, அது போல விரலை மடக்குகிற தசைநாண் ஒரு உறைக்குள் ஓடுகிறது. விரலின் அடியில், மடிப்பின் வாய் போல ஒரு வளையம். நாடாவில் முடிச்சு விழுந்து, மடிப்பின் வாயும் தடித்துவிட்டால் என்ன ஆகும்? இழுத்தால் முடிச்சு வாயில் மாட்டும், பலமாக இழுத்தால் 'டக்' என்று தாண்டும். அதுதான் அந்தச் சத்தம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகமாக வரும், ஒரு விரலோடு நிற்காமல் அடுத்த விரலுக்கும் போகும். தோள் இறுகிப்போவதும் அவர்களுக்கு அதிகம் என்றார். விரல் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது சர்க்கரையைப் பற்றி, நான் அதன் மேல் வாரத்துக்கு 2000 அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஷாக் வேவ் ஏமாற்றா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். இந்த விரல் நோய்க்கும் அதை முயன்ற சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, சிலருக்கு வலி குறைந்திருக்கிறது, ஊசி வேண்டாம் என்கிறவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் முதலில் செய்ய வேண்டியது அது இல்லை. குதிகால் வலிக்கு அதற்கு நல்ல ஆதாரம் உண்டு, எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு படிந்தது தெரிகிற தோள் தசைநாணுக்கும் பலன் காட்டிய சில ஆய்வுகள் உண்டு. முழங்கை வலிக்குச் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. 2000-ல் அமெரிக்க அரசு முதலில் அனுமதித்தது குதிகாலுக்குத்தான், முழங்கைக்கு 2002-ல். ஆனால் சுண்ணாம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோள் தசைநாண் வலிக்குப் பெரிய பலன் தெரியவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 அலசல் சொல்லியிருக்கிறது. ஆக, மெஷின் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. எனக்கு வந்திருப்பது என்ன நோய், அதற்கு இது எத்தனையாவது வழி என்று கேட்க வேண்டும். கை மரத்துப் போய் ராத்திரியில் எழுப்புகிறது என்றால் நரம்பு அழுத்தமாக இருக்கலாம், நரம்புப் பரிசோதனை வேண்டும். காலையில் இரண்டு கையிலும் பல சின்ன மூட்டுகள் வீங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் முடக்குவாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்து மருந்து தொடங்க வேண்டும். அங்கே மாதக்கணக்கில் மெஷினுக்குப் போனால் மூட்டு அதற்குள் அரித்துப் போய்விடும். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. என்னுடையது விரலோடு போயிற்று.

அப்புறம், யாருக்கு இது கூடாது என்பதையும் அந்த சென்டரில் என்னிடம் கேட்கவில்லை. கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அந்த இடத்தில் புற்றுக்கட்டியோ கிருமித் தொற்றோ இருப்பவர்கள், எலும்பு வளர்கிற வயதுப் பிள்ளைகளின் மூட்டு, இதற்கெல்லாம் கொடுப்பதில்லை. பேஸ்மேக்கர் வைத்திருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் உட்காராதீர்கள். அதே இடத்தில் சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் சொல்லிவிட வேண்டும், ஆறு வாரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். இவற்றைக் கேட்காமல் ஜெல் தடவ வருகிறவரிடம் கையை நீட்டாதீர்கள்.

எனக்கு முதலில் சர்க்கரை மாத்திரை, ராத்திரியில் விரல் மடங்காமல் இருக்க ஒரு சின்னக் கட்டு, அப்புறம் உள்ளங்கையில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரை இருப்பவர்களுக்கு ஊசி பலன் கொடுப்பது கொஞ்சம் குறைவு, போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஏறியது, நான்கு நாள் 290 வரைக்கும். மோதிர விரல் சரியாகிவிட்டது. நடுவிரல் ஆறு வாரம் நன்றாக இருந்து மறுபடி மாட்டியது. மார்கழியில் ஆபரேஷன். அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கிப்போய்த்தான் முதலில் மெஷினைத் தேடி ஓடினேன். கையை மட்டும் மரக்கச் செய்து, உள்ளங்கையில் ஒரு சின்னக் கீறல், அந்த வளையத்தை வெட்டிவிட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மேஜையிலேயே விரலை மடக்கி நீட்டச் சொன்னார்கள். நீட்டினேன். சத்தம் இல்லை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கீறின இடம் இன்னும் அழுத்தினால் வலிக்கிறது, சில மாதம் அப்படித்தான் இருக்குமாம். என் கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் இது டே கேர் (அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் சிகிச்சை) பட்டியலில் வந்ததால் கையிலிருந்து 2,300 ரூபாய்தான் போனது. ஷாக் வேவுக்கு ஒரு பைசா வரவில்லை, வெளிநோயாளி சிகிச்சை என்று தள்ளிவிட்டார்கள். பணம் கட்டும் முன்னால் இன்சூரன்ஸ் ஆட்களுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சென்டருக்குப் போனது, ஆட்டோ எல்லாம் சேர்த்து 20,140 ரூபாய். திருப்பிக் கொடுத்த ஐந்து பிளவுஸ் 22,500. மொத்தமாக எப்போதும் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு என்றாலும். வழக்கமாக மூன்றிலிருந்து ஐந்து தடவைதான் கொடுக்கிறார்கள். தடவைக்குத் தடவை கொடுங்கள், மூன்று முடிந்ததும் மாற்றம் என்ன என்று உட்கார்ந்து பேசுங்கள். விரல் ஒரு நாளில் எத்தனை தடவை மாட்டியது என்று நீங்களே காலண்டரில் குறித்து வையுங்கள். நான் குறித்திருந்தால் நான்காவது வாரமே தெரிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் எந்த இடம், எத்தனை அடி, எவ்வளவு அழுத்தம் என்று எழுதி வாங்குங்கள். கர்நாடகத்தில் ஃபிசியோதெரபி சென்டர்களும் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான கே.பி.எம்.இ. சட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழையும் கட்டணத்தையும் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். நுழைந்ததும் அதைத் தேடுங்கள். கொடுக்கிறவர் ஃபிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மிச்சம் நான்கு செஷனுக்கான 7,200 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் கீழே பொடி எழுத்தில் 'பணம் திரும்பத் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டினார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன், பெண்தான் ஃபோனில் எல்லாம் ஏற்றிக் கொடுத்தாள். சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள், 5,000 தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொண்டேன். அது சீட்டுக் கணக்குக்குப் போய்விட்டது. மாசி முகூர்த்தத்துக்கு இரண்டு பிளவுஸ் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன், அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்துவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நேற்று 118.